வறண்ட கோடையில் புல்தரைக் களை: இப்போது மருந்து அடிக்கலாமா?

கேள்வி இது: கோவைக்குப் பக்கத்தில் வீடு. முன்புறம் இரண்டு சென்ட் புல்தரை. மாசியிலிருந்து சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை. புல் திட்டுத் திட்டாக மஞ்சளாகிவிட்டது. நடுவில் கோரை, நெருஞ்சி, அம்மான் பச்சரிசி மட்டும் பச்சையாக நிற்கின்றன. உரக்கடையில் ஒரு களைக்கொல்லி பாட்டிலைக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது அடிக்கலாமா? அடித்தால் புல் தப்புமா?

பாட்டிலைத் திறக்காமல் எடுத்து வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் களைக்கொல்லி அடித்தால் பெரும்பாலும் காசுதான் வீண். சில சமயம் களை பிழைத்து, புல் போய்விடும். இந்த இரண்டு மாதத்துக்கு வேலை வேறு. இருக்கிற புல்லை உயிரோடு வைத்திருக்க வேண்டும், களையை விதை கட்ட விடாமல் கையால் எடுக்க வேண்டும். மருந்து தேவையென்றால் மழைக்குப் பிறகு பார்க்கலாம்.

காரணம் இதுதான். வேர்வரை போய்க் கொல்லும் களைக்கொல்லி இலை வழியாக உள்ளே நுழைந்து, இலையில் தயாரான சத்து வேருக்கு இறங்கும் அதே பாதையில் இறங்க வேண்டும். தண்ணீருக்குத் தவிக்கிற செடியில் அந்தப் போக்குவரத்தே மந்தமாகிவிடும். இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், இலையின் மேலுள்ள மெழுகுப் படலம் தடித்துப்போகும், அதன் மேல் புழுதி வேறு படிந்திருக்கும். 37, 38 டிகிரி வெயிலில் தெளித்த துளி உள்ளே இறங்குவதற்குள் காய்ந்துவிடுகிறது. இலை நுனி கருகுவதைப் பார்த்து மருந்து வேலை செய்துவிட்டது என்று நினைப்போம். அடியில் வேரும் கிழங்கும் நன்றாகவே இருக்கும், மறுபடி துளிர்க்கும். புல்லின் நிலைமையோ நேர்மாறு. மழைக்காலத்தில் தாங்கிக்கொள்கிற அளவு மருந்தைக்கூட ஏற்கெனவே வாடிக் கிடக்கிற புல்லால் தாங்க முடியாது.

கடையில் கொடுத்த பாட்டில் என்ன மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. லேபிளைப் பாருங்கள். 2,4-டி என்றிருந்தால் அது அகன்ற இலைக் களைகளுக்கானது. கோரைக்குப் பெரிய பலன் தராது. வெயில் அதிகமானால் இந்த மருந்து ஆவியாகிப் பறக்கும் குணம் உடையது, அதிலும் எஸ்டர் வகை மோசம். தக்காளி, பப்பாளி, பருத்தி, திராட்சை போன்றவை இதன் வாடை பட்டாலே இலை முறுக்கி நூலாகிவிடும். உங்கள் புல்தரையில் அடித்து, பக்கத்து வீட்டுப் பப்பாளி பாழாக வேண்டாம். கிளைபோசேட் என்றிருந்தால் இன்னும் தெளிவு: அது களை, புல் என்று பார்க்காமல் பச்சை எதுவானாலும் கொல்லும். அதை பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் உள்ளவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. வீட்டுப் புல்தரைக்கு அதை யோசிக்கவே வேண்டாம்.

இனி புல்லுக்கு வருவோம். களை அதிகமாகிவிட்டது என்று பலரும் சொல்வார்கள். தரையில் உட்கார்ந்து பார்த்தால் வேறு விஷயம் தெரியும்: புல் மெலிந்து மண் வெளியே தெரிகிற இடத்தில்தான் நெருஞ்சியும் அம்மான் பச்சரிசியும் இருக்கும். அடர்ந்து கிடக்கும் புல்லுக்குள் அவற்றின் விதைக்கு வெளிச்சம் கிடைப்பதில்லை. கோரைக்கும் நிழல் ஆகாது. ஆகவே இந்தக் கோடையில் நீங்கள் காப்பாற்றும் ஒவ்வொரு அடிப் புல்லும் அடுத்த வருடக் களையைக் குறைக்கும்.

அதற்கு உங்களுடையது எந்தப் புல் என்று தெரிய வேண்டும். நம் பக்கத்தில் வீடுகளில் போடுவது பெரும்பாலும் மூன்று. மெல்லிய இலை, அருகம்புல் சாயல் இருந்தால் பெர்முடா. அது அருகின் இனமேதான். அகலமான இலை, விரல் கனத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தரைமேல் ஓடும் தண்டு என்றால் பஃபலோ. நெருக்கமாக, விறைப்பாக, வெறுங்காலில் மிதித்தால் லேசாகக் குத்தினால் கொரியன் புல். பெர்முடாவுக்குத் தரைக்கு மேலும் ஓடுதண்டு உண்டு, மண்ணுக்குள்ளும் தண்டு உண்டு. மேலே முழுக்கக் காய்ந்து வைக்கோல் போலானாலும் உள்ளே உயிர் இருக்கும். மழை விழுந்ததும் எழுந்து வரும். கொரியனுக்கும் மண்ணுக்குள் தண்டு உண்டு, ஆனால் மெதுவாகத்தான் மீளும். பஃபலோவுக்கு மண்ணுக்குள் எதுவும் கிடையாது. மேலே ஓடுகிற தண்டு காய்ந்து சுருங்கிவிட்டால் அந்த இடம் போனதுதான். அதனால் தண்ணீர் தட்டுப்பாட்டில் பெர்முடாவைத் தூங்க விடலாம். பஃபலோவை விடக் கூடாது.

தண்ணீர் விடுவதில் பெரும்பாலான வீடுகளில் ஒரே பழக்கம். சாயங்காலம் ஹோஸைப் பிடித்து, மேலாக நனையும்படி தினமும் பத்து நிமிடம் தெளிப்பது. கோடையில் களையை வளர்க்க இதைவிட நல்ல வழி இல்லை. மேல்மண்ணில் ஒரு விரற்கடை ஈரம் இருந்தால் களை விதை முளைக்கப் போதும். புல்லின் வேரோ ஈரம் தேடிக் கீழே போகாமல் மேலேயே தங்கிவிடும். அடுத்த நாள் வெயிலில் அந்த வேர் வெந்துபோகும். தினமும் தெளிப்பதை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு இரண்டு முறை ஆழமாக விடுங்கள்.

ஆழம் என்றால் ஒரு தடவைக்கு 15 முதல் 20 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். ஒரு சென்ட் சுமார் 40 சதுர மீட்டர் என்பதால், 20 மில்லிமீட்டருக்கு சென்டுக்கு 800 லிட்டர் ஆகும். உங்கள் இரண்டு சென்டுக்கு 1,600. தெளிப்பானாக இருந்தால் தரையில் மூன்று நான்கு காலி டப்பாக்களை வைத்து, எவ்வளவு நேரத்தில் அந்த உயரம் நிறைகிறது என்று ஒருமுறை அளந்துவிட்டால் போதும். மண் இறுகிக் கிடந்தால் தண்ணீர் உள்ளே போகாமல் கேட்டைத் தாண்டி ஓடும். அப்போது பாதி விட்டு, அரை மணி நேரம் கழித்து மீதியை விடுங்கள். மறுநாள் நீளமான ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள். சிரமமில்லாமல் இறங்குகிற ஆழம்வரை ஈரம் போயிருக்கிறது. விடியற்காலையில் விடுவது நல்லது, வீணாவது குறைவு. அடுத்து எப்போது விடலாம் என்பதைப் புல்லே காட்டும். நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள்: கால்தடம் எழும்பாமல் அப்படியே பதிந்திருந்தால், பச்சை நிறம் சாம்பலோடு நீலம் கலந்ததுபோல் மங்கினால், விட வேண்டிய நேரம்.

இவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. குடிநீர் லாரியை எதிர்பார்க்கும் தெருவில் புல்லுக்கு 1,600 லிட்டர் விடச் சொல்ல எனக்கு மனம் வராது. பெர்முடாவாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 10, 12 மில்லிமீட்டர் விட்டால் அடித்தண்டு சாகாமல் இருக்கும். மேலே பழுப்பாகத்தான் தெரியும், பரவாயில்லை. அந்த நிலையில் அதன் மேல் நடக்க வேண்டாம், வெட்டவும் வேண்டாம். பஃபலோவாக இருந்தால் முழுத்தரையையும் அரைகுறையாக நனைக்காமல், நிழல் உள்ள பாதியை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றுங்கள். ஆர்.ஓ. கருவியில் கழித்துவிடும் தண்ணீரை மட்டுமே தொடர்ந்து ஊற்றாதீர்கள். அதில் உப்பு கூடுதல். போர் தண்ணீரும் கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க உப்பேறும். தரையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுதான் அடையாளம். மழை வந்து ஒருமுறை நன்றாகக் கழுவினால் சரியாகும்.

வெட்டும் உயரத்தைக் கூட்டுங்கள். வறட்சியில் ஒட்ட வெட்டுவது மண்ணை வெயிலுக்குத் திறந்து காட்டுவதாகும். பெர்முடாவை 4, 5 சென்டிமீட்டரிலும், பஃபலோவை 7, 8 சென்டிமீட்டரிலும் நிறுத்துங்கள். எப்போதும் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. களை விதை கட்டியிருக்கவில்லை என்றால் வெட்டிய புல்லை அங்கேயே விடலாம், மண்ணுக்கு நிழலாகும். யூரியா இப்போது வேண்டாம். ஈரமில்லாத தரையில் அது புல்லைக் கருக்கும்.

இனி களைகள். முதலில் கோரை, தொல்லை அதிகம் தருவது அதுதான். தண்டை இரு விரலுக்கு நடுவே உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும். புல்லில் அது இருக்காது. காய்ந்த தரையில் பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் அறுந்து கையோடு வரும், கிழங்கு உள்ளே நிற்கும். ஒரு துளிர் போனால் அதே கிழங்கின் வேறு கண்கள் முளைக்கும், அதோடு தொடுத்திருக்கும் அடுத்த கிழங்குகளும் விழித்துக்கொள்ளும். ஒன்றைப் பிடுங்கினால் நான்கு வருகிறது என்று மக்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆழமாகத் தண்ணீர் விட்ட மறுநாள் காலையில் போங்கள். களைக்கொத்து இல்லையென்றால் ஒரு பழைய நீளமான ஸ்க்ரூடிரைவர் போதும். தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளிச் செங்குத்தாக ஒரு சாண் இறக்கி, நெம்பிக்கொண்டே மறு கையால் தண்டின் அடியைப் பிடித்துத் தூக்குங்கள். முதலில் தண்டின் அடியில் வீங்கிய பகுதி வரும். அதிலிருந்து கம்பிபோல் கறுத்த நரம்பு ஒன்று பக்கவாட்டில் போகும். அதை அறுக்காமல், மண்ணைத் தளர்த்தித் தளர்த்திப் பின்தொடர்ந்தால், கொண்டைக்கடலை அளவில் கறுப்பான கிழங்கு வரும், அதற்கப்பால் இன்னொன்று. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக, நாட்டு மருந்துக் கடை வாசனையோடு இருக்கும். பெரும்பாலான கிழங்குகள் மேல் ஒரு சாண் மண்ணுக்குள்ளேயே இருப்பதால் இது ஆகாத வேலை இல்லை. எல்லாம் ஒரே நாளில் வராது. விட்டுப்போன கிழங்கு முளைத்ததும், புது இலைகள் நான்கைந்து வருவதற்குள் மறுபடி எடுங்கள். அந்தக் கட்டத்தில் அது கிழங்கில் சேர்த்து வைத்ததைச் செலவழித்துக்கொண்டிருக்கும், புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கியிருக்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று விடாமல் போனால் கிழங்கு தேய்ந்துவிடும். எடுத்த கிழங்கை உரக்குழியில் போடாதீர்கள். சிமெண்ட் தரையில் பரப்பி வெயிலில் நன்றாகச் சுருங்கும்வரை காய விடுங்கள். உலர்ந்துபோன கோரைக்கிழங்கு முளைக்காது.

முழுக்கக் கோரையாகிவிட்ட திட்டு இருந்தால், அதற்கு இந்த வெயில் உங்களுக்குச் சாதகம். அந்த இடத்துக்கு மட்டும் தண்ணீரை நிறுத்தி, ஒரு முழத்துக்கும் குறையாத அகலத்தில் சுற்றிலும் சேர்த்து, மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் கொத்திக் கட்டி கட்டியாகப் புரட்டிப் போடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி புரட்டுங்கள். கோடை உழவு கோடி நன்மை என்று சொல்வது வயலுக்கு மட்டுமல்ல, இந்தத் திட்டுக்கும் பொருந்தும். நடுவில் கோடை மழை பெய்துவிட்டால் வேலை கெடும்; முளைத்ததைப் பொறுக்கி எடுத்துவிட்டு மறுபடி காய விட வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் தாள் போட்டு மூடுவது கோரைக்குப் பலிக்காது, அதன் கூர்முனை தாளைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அதோடு, கோரை அடர்ந்து நிற்கும் இடத்தில் தண்ணீர் எங்காவது கசிகிறதா என்று பாருங்கள். ஏசி குழாய் சொட்டும் மூலை, வால்வு கசியும் குழாயடி, இவற்றைச் சரிசெய்யாமல் அங்கே கோரையை ஒழிக்க முடியாது.

நெருஞ்சி அதைவிடச் சுலபம், ஆனால் நேரம் முக்கியம். மஞ்சள் பூ தெரிந்தாலே கொஞ்ச நாளில் முள் காய் வந்துவிடும். எத்தனை அடி படர்ந்திருந்தாலும் எல்லாக் கொடியும் நடுவில் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்பும். கொடிகளை ஒரு கையால் வாரித் தூக்கி, அந்த நடுமுடிச்சுக்குக் கீழே ஆணிவேரை அறுத்துவிட்டால் திரும்ப வராது. காய்கள் உதிர்ந்திருந்தால் பழைய கோணிச்சாக்கையோ ஸ்பாஞ்சையோ தரையில் அழுத்தி ஒற்றி எடுங்கள், முட்கள் அதில் குத்திக்கொண்டு வரும். இதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்; நெருஞ்சி விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும், வீட்டில் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள். நெருஞ்சி அதிகமான இடம் பெரும்பாலும் நடந்து நடந்து இறுகிய இடமாக இருக்கும். மழைக்குப் பிறகு முள்கரண்டி மண்வெட்டியால் அங்கங்கே குத்தி நெகிழ்த்திவிட்டால் புல் அங்கே திரும்பப் பிடிக்கும்.

அம்மான் பச்சரிசியைப் பிடுங்கினால் பால் வரும், கண்ணில் படாமல் கை கழுவுங்கள். மூக்கிரட்டைக்குக் கீழே கனத்த வேர் இருக்கிறது. பாதியில் ஒடிந்தால் தழையும், தோண்டித்தான் எடுக்க வேண்டும். பருப்புக்கீரையைப் பிடுங்கித் தரையிலேயே போடாதீர்கள். தண்டில் உள்ள ஈரத்தைக் கொண்டே வேர் விடும், விதையும் முற்றும். சாக்கில் போட்டு வெளியே எடுத்துவிடுங்கள், அல்லது மருந்து படாத இடம் என்று உறுதியிருந்தால் சமையலுக்கு எடுங்கள். பார்த்தீனியம் ஒன்றிரண்டு தெரிந்தாலும் கையுறை போட்டுக்கொண்டு பூக்கும் முன்பே வேரோடு எடுத்துவிட வேண்டும். தோல் அரிப்பும் மூச்சுத்தொல்லையும் தரும் செடி அது.

கல் உப்பு, வினிகர், பாத்திரம் கழுவும் திரவம் மூன்றையும் கலந்து அடிக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. தயவுசெய்து புல்தரையில் அதைச் செய்யாதீர்கள். வினிகர் மேல் இலையைக் கருக்கும், கிழங்கை ஒன்றும் செய்யாது. உப்பு மண்ணிலேயே தங்கி, மண்ணின் கட்டமைப்பைக் கெடுத்து, அந்த இடத்தில் புல்லை வர விடாமல் செய்யும். பிறகு உப்பைத் தாங்கும் களைதான் அங்கே முதலில் வரும். நடைபாதைக் கல் இடுக்கில் முளைப்பதற்குக் கொதிக்கும் தண்ணீரே போதும்.

மழை வந்த பிறகு என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் வரத் தொடங்கியதும் புல் இரண்டு மூன்று வாரத்தில் துளிர்க்கும். அதே ஈரத்தில் களை விதையும் முளைக்கும். இரண்டு இலைப் பருவத்தில் விரலால் தேய்த்தாலே போய்விடும், அந்த வாரங்களைத் தவறவிடாதீர்கள். புல் பச்சை பிடித்ததும் சென்டுக்கு 200 கிராம் யூரியாவைத் தூவி உடனே தண்ணீர் விடுங்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு 200 கிராம். இடைவெளிகளை மூட இதுதான் வேகமான வழி.

அப்போதும் கோரை கைக்கு அடங்காமல் நின்றால் ஹாலோசல்பியூரான் மெத்தில் என்ற மருந்தைப் பற்றி யோசிக்கலாம். அது கோரையைக் குறிவைப்பது. பெர்முடா, கொரியன், பஃபலோ மூன்றும் அதைத் தாங்கும். அமெரிக்காவில் புல்தரைக்கே பதிவாகியுள்ள மருந்து. இங்கே கடையில் கிடைப்பது கரும்புக்கான லேபிளோடு இருக்கும். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அளவில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 75 சதவீத மருந்துக்குக் கரும்பில் சொல்லப்படும் அளவு ஏக்கருக்கு 36 கிராம். அதை 100 சென்டுக்குப் பகிர்ந்தால் உங்கள் இரண்டு சென்டுக்கு ஒரு கிராம்கூட வரவில்லை, 0.72 கிராம்தான். கண்ணளவில் ஒரு டீஸ்பூன் போட்டால் பல மடங்கு ஆகிவிடும், ஆகவே கிராம் தராசு இல்லாமல் தொடாதீர்கள். கோரை செழித்து வளரும்போது, முந்தின இரண்டு நாளும் பிந்தின இரண்டு நாளும் புல் வெட்டாமல், காற்றில்லாத காலையில், ஒட்டும் திரவம் சேர்த்து, கோரை உள்ள இடத்தில் மட்டும் அடிக்க வேண்டும். மஞ்சளாகத் தொடங்கவே இரண்டு மூன்று வாரம் ஆகும். வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி அடிக்காதீர்கள்.

எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிய கார்ப்பெட் புல் போட்டுவிடலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வரும், வீட்டுக்கு வருகிற தோட்டக்காரரும் அதையே சொல்வார். அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் போட்டால் புதிய புல் வேர் பிடிக்கத் தினமும் தண்ணீர் குடிக்கும், பாதி காய்ந்தும் போகும். பெரும்பகுதி பஃபலோவாக இருந்து ஓடுதண்டெல்லாம் இற்றுப்போயிருந்தால் தவிர வேண்டாம். போட்டே ஆக வேண்டுமென்றால் ஆடிவரை பொறுங்கள். அடியில் கொட்ட வாங்கும் ஒரு லோடு செம்மண்ணையும் தொழு உரத்தையும் இறக்கிய அன்றே பரப்பிவிடாதீர்கள். பெரும்பாலான வீடுகளுக்குக் கோரை வந்து சேர்வது இந்த லோடில்தான். ஓரமாகக் குவித்து, நனைத்து, இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். கோரை முளைத்தால் அந்த மண்ணைத் திருப்பி அனுப்புங்கள். லோடுக்குக் காசு கொடுக்கும் முன்பே இதை மண்காரரிடம் பேசிவைத்துக்கொள்வது நல்லது.